பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குழு

லண்டனின் பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் முதல் கச்சேரி செய்தது 1975 நவம்பர் 6 அன்று. 1978 ஜனவரியில் குழு கலைந்துவிட்டது. இடையில் வெளிவந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம். ரகளையால் எழுந்து ரகளையாலேயே விழுந்தார்கள் என்பார்கள். மேடையில் சவுண்ட் வேலை பார்க்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது வேறு: 1977 பிப்ரவரியில் பேஸ் கிட்டார்காரர் கிளென் மேட்லாக் போய், சிட் விஷஸ் வந்தது.

பங்க் இசையில் கிட்டார் பெரும்பாலும் பவர் கார்டுதான். ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டும். ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்பில் (ஒலிபெருக்கியில்) காந்தாரத்தையும் சேர்த்தால் ஒலி கரகரத்துக் குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது பாட்டுக்கு அடித்தளம் தருவது பேஸ். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ் என்றால், பேஸின் தடித்த தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸ். டிரம்ஸின் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) விழும் அதே கணத்தில் பேஸும் விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கிக்கின் அடி மழுங்கிவிடும். எத்தனை வாட் ஸ்பீக்கர் வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மேட்லாக் இதைச் செய்தவர். மெட்டமைப்பதிலும் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆல்பத்தின் 12 பாடல்களில் அவர் பெயர் இல்லாதவை இரண்டே. அவர் போன பிறகு குழுவில் புதுப்பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. ஆல்பம் வரும் முன்பே, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலாம் இடத்தை எட்டும் முன்பே, உள்ளே கிணறு வற்றத் தொடங்கிவிட்டது.

சிட் தோற்றத்துக்குப் பொருந்தினார். பேஸ் சரியாக வாசிக்கத் தெரியாது. பதிவின் பெரும்பகுதி நடந்தபோது மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் இருந்தார். வெசெக்ஸ் ஸ்டுடியோவில் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸே பெரும்பாலான பேஸ் ட்ராக்குகளையும் வாசித்தார். பால் குக்கின் டிரம்ஸ் மேல் அடுக்கடுக்காகக் கிட்டார், அவற்றின் வேர் ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு போகும் பேஸ். கிட்டாரும் பேஸும் ஒரே ஆளின் கை என்பதால் தாளம் பிசகாமல் சுவர் போல நிற்கிறது. தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸும் ஒலிப்பதிவாளர் பில் பிரைஸும் செய்த அந்த வேலை இன்றும் அசர வைக்கிறது.

மேடையில் ஜோன்ஸ் ஒருவர்தானே! பேஸ் தடுமாறினால் மிக்ஸர் பிடிப்பவர் முதலில் அதன் ஃபேடரை, அதாவது ஒலியளவை, இறக்குவார். கீழே பள்ளம் விழும். அதை நிரப்ப 80 ஹெர்ட்ஸ் பக்கம் கிக்கை ஏற்றுவார், 200 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டாரை ஏற்றுவார். கிட்டார் கொழகொழத்துப் பாடகரின் குரலை மூடும். குரலை ஏற்றினால் மேடையில் பாடகரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் கூவும். பாடகர் இன்னும் கத்துவார், தொண்டை போகும். ஒரு நாற்காலி காலியானதற்கு மூன்று பேர் இப்படி விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒத்திகையாலும் தொடர்ந்த கச்சேரிகளாலும் இது கொஞ்சம் தேறியிருக்கும். அதற்கும் வழியில்லை. 1976 டிசம்பர் 1 அன்று தேம்ஸ் தொலைக்காட்சியின் நேரலையில் கெட்ட வார்த்தை பேசியதிலிருந்து ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்தாகிவந்தன. கச்சேரி ரத்தானாலும் பேருந்து, விடுதி, ஆட்கள் செலவு நிற்காது. 40,000 பவுண்டு முன்பணம் தந்த இசைத்தட்டு நிறுவனம் இஎம்ஐ 1977 ஜனவரியில் விலகியது. மார்ச்சில் கையெழுத்திட்ட இன்னொரு நிறுவனம் ஏ அண்ட் எம் ஒரு வாரத்துக்குள் விலகியது.

கடைசியாக 1978 ஜனவரி 5 முதல் 14 வரை அமெரிக்கப் பயணம். மேலாளர் மால்கம் மெக்லாரன் நியூயார்க்கைத் தவிர்த்து அட்லாண்டா, மெம்பிஸ், டல்லாஸ் என்று தெற்கே போக வைத்தார். குழுவைப் பார்த்தாலே சண்டைக்கு நிற்கும் கூட்டம் வரும் ஊர்கள். செய்தியாகும் என்பது கணக்கு. ஹெராயினுக்கு அடிமையான ஒருவரைப் பேஸோடு நிறுத்தி, நீண்ட பேருந்துப் பயணத்தில் அனுப்பிய அந்தக் கணக்கை மன்னிக்கவே முடியாது. சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் கச்சேரியோடு குழு உடைந்தது. 1979 பிப்ரவரியில் 21 வயதில் சிட் இறந்தார்.

குழுவின் உரிமைகளும் பணமும் 1986-இல்தான் வழக்கின் முடிவில் உறுப்பினர்கள் கைக்கு வந்தன. 1996-இல் மறுபடி கூடியபோது பேஸ் வாசித்தவர் மேட்லாக்.