எந்த லான்விஹாங்கல்?

முதல் நாளே தவறான ஊருக்குப் போய் அரை நாளைத் தொலைத்தோம். இத்தனைக்கும் இரண்டு மாதம் திட்டமிட்ட பயணம்.

என் மாமனாருக்கு 78 வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் லண்டன். வேல்ஸின் கார்டிகன்ஷயரிலிருந்து லண்டனுக்குப் போய்ப் பால் வியாபாரம் செய்த எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பூர்விக வீட்டையும் கல்லறையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததோ வீட்டுப் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த மூன்று சொற்கள்: ஜோன்ஸ், லான்விஹாங்கல், வைன். மூன்றாவது, பண்ணையின் பெயர்.

வெல்ஷ் மொழியில் லான்விஹாங்கல் என்றால் தேவதூதர் மிக்கேலின் தேவாலயம் உள்ள இடம். அந்தப் பெயரில் வேல்ஸ் முழுக்க ஊர்கள் இருக்கின்றன. கார்டிகன்ஷயரிலேயே இரண்டு: அபெரிஸ்ட்வித் நகரத்துக்கு வடக்கே லான்விஹாங்கல் கெனைர் க்லின், தென்கிழக்கே லான்விஹாங்கல் அ க்ரைதின். நாங்கள் வடக்கே போனோம். சாரல் மழையில், யூ மரங்களுக்குக் கீழே, கல் கல்லாகப் படித்தோம். எங்கு திரும்பினாலும் ஒரு ஜோன்ஸ். எதற்கும் இருக்கட்டும் என்று மாமா ஒவ்வொரு ஜோன்ஸுக்கும் தொப்பியைக் கழற்றி வைத்தார். அன்று இரவு விடுதியில் கணினியைத் திறந்து துழாவியபோதுதான் அவருடைய பாட்டனாரின் தாத்தா 1832-இல் மணம் முடித்தது தென்கிழக்கே இருக்கும் ஊரில் என்று தெரிந்தது. கிளம்புவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

மறுநாள் நம்பிக்கையோடு அங்கே போனோம். திருமணம் நடந்த தேவாலயம் இதுதான், எனவே கல்லறையும் இங்கேதான் என்று முடிவு கட்டியிருந்தோம். மூன்று மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்தது ஓர் ஆவணக் காப்பகம். முகவரிச் சான்று இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். மாமாவிடம் இருந்தது, என்னிடம் இல்லை; நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த அலுவலர் தலையை நிமிர்த்தாமலே "எந்த ஜோன்ஸ்?" என்று கேட்டாராம். அடக்கப் பதிவேட்டின் நுண்படச் சுருளைக் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. மாலை வரை உருட்டியும் பெயர் இல்லை. மூடும் நேரத்தில், பக்கத்து மேசையில் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "நீங்கள் சாப்பல்காரர்களா?"

அந்தக் கேள்வியை அலுவலர் காலையிலேயே கேட்டிருக்கலாம். 1754 முதல் 1837 வரை, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் திருமணம் செய்தாக வேண்டும், சட்டம் அப்படி. தாலி கட்ட ஓரிடம் என்றால், ஞாயிறு ஆராதனைக்கும் ஞானஸ்நானத்துக்கும், பல இடங்களில் அடக்கத்துக்கும் அவரவர் சாப்பல், அதாவது ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் ஆராதனைக் கூடம். மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், சுயாதீனச் சபையார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேல்ஸில் அவர்கள்தான் பெரும்பான்மை. திருமணப் பதிவை நம்பித் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றுவது வீண் வேலையாகலாம். முதலில் எந்தச் சபை என்று கண்டுபிடியுங்கள்.

எந்த சாப்பல் என்று தெரிய, பண்ணை எங்கே என்று தெரிய வேண்டும். பட்டியல்களில் வைன் என்று டபிள்யூ எழுத்தில் தேடித் தேடி அலுத்துவிட்டோம். அது ஜியில் இருந்தது. நிஜப் பெயர் க்வைன், புல்வெளி மேடு என்று பொருள். வெல்ஷில் முன்னால் 'அ' என்ற சுட்டு வந்தால் ஜி கெட்டு வைன் ஆகிவிடும். மிஹாங்கல் என்பது லானோடு சேரும்போது விஹாங்கல் ஆவதும் இதே கதைதான். தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு இது உடனே பிடிபட்டது. மாமாவுக்குத் தலை சுற்றியது. தந்தை ஜான் எவன்ஸ் என்றால் மகன் ஏன் ஜோன்ஸ் (ஜானின் மகன்) என்பதையும், என் பெயருக்கு முன்னால் நிற்கும் அப்பாவின் இனிஷியலைக் காட்டித்தான் விளக்கினேன்.

அபெரிஸ்ட்வித்தின் மேட்டில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் தேவாலயத்துக்குக் கட்டும் தசமபாக வரிக்காக 1840-களில் வரைந்த வரைபடத்தைப் பார்த்தோம். வயல் வயலாக எண் போட்டு, யார் உடைமை, யார் குடியிருப்பு என்று எழுதியிருக்கிறது. பத்து நிமிடத்தில் க்வைன் கிடைத்துவிட்டது. இதே வரைபடங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன என்பதை அங்கே போன பிறகு தெரிந்துகொண்டது என் சாமர்த்தியம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, டாக்சிக்கு அழுதோம். பண்ணை இருந்த மேடு இப்போது ஊசியிலை மரக் காடு. குறுக்கே இருந்த வயலுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டோம். ஆடுகள் குட்டி போட்டிருப்பதால் கேட்டை மறக்காமல் சாத்தச் சொன்னார், அவ்வளவுதான். உள்ளே இடுப்பளவுச் சுவர், கரி படிந்த அடுப்பு மூலை, நடுவில் தேய்ந்து குழிந்த ஒரு வாசற்படி. மாமா அதில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார். கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை.

சாப்பல் இரண்டு மைல் தள்ளி. இப்போது யாரோ குடியிருக்கும் வீடு. கதவைத் தட்டியதும் அந்த அம்மாள் பின்பக்கம் கூட்டிப் போனார். துணி காயப்போடும் கொடிக்கு அப்பால் நாற்பது கற்கள். எழுத்து மங்கிய கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், ஷேவிங் நுரையும் பூசாதீர்கள், கல் கெட்டுவிடும். கொஞ்சம் தண்ணீரும், பக்கவாட்டில் ஒளியை விழவைக்க ஒரு கைக்கண்ணாடியும் போதும். கண்ணாடியைச் சாய்த்ததும் ஸ்லேட்டில் வரிகள் எழுந்து வந்தன. எர் கோவ் அம், நினைவாக. பிறகு பெயர். அதற்குக் கீழே, இத்தனை ஜோன்ஸ்களுக்கு நடுவே எங்களவரை அடையாளம் காட்டிய ஒரே சொல்: வைன்.

அடுத்த வரி அவர் மனைவிக்கு. வேறு பங்கில், அதாவது வேறொரு தேவாலய வட்டாரத்தில், பிறந்தவராம். கல்லில் பங்கின் பெயரையும் வெட்டியிருந்தார்கள்: லான்விஹாங்கல். எந்த லான்விஹாங்கல் என்று இல்லை. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மாமா வரைபடத்தைப் பிரித்துவிட்டார்.