வகுப்பாசிரியையின் படிவமும் மருந்துச் சீட்டின் இரண்டாம் படியும்

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) இருப்பது உறுதியாகி மாத்திரை கைக்கு வருவதற்குள், கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு நான்கு முறை மலை இறங்கினேன். உண்மையில் ஒரு முறை போயிருந்தால் போதும்.

ஒரே பருவத்தில் மூன்று ஸ்வெட்டர்களைத் தொலைத்தபோதும் அவனை அடங்காப்பிள்ளை என்றே நினைத்தோம். "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்று மாமியார் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொண்டேன். பின்னாளில் மருத்துவர் முதலில் குறித்துக்கொண்டது அதைத்தான், ஏனெனில் இது குடும்பவழியில் வரக்கூடியது.

முதல் பயணம் வீணானது என் அறியாமையால். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும் என்பதால், பள்ளியின் எழுத்து இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்று கூறி, அறிகுறிகளைக் கேள்வி கேள்வியாகக் குறிக்கும் வாண்டர்பில்ட் படிவங்கள் இரண்டை, பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று என, மருத்துவமனையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் விடுப்பும் பேருந்துச் செலவும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் பயணம் வீணானது ஆசிரியையின் இரக்கத்தால். ஒட்டிய உறையைப் பிரித்த மருத்துவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார்: எல்லாக் கேள்விகளுக்கும் "ஒருபோதும் இல்லை" என்ற கட்டத்திலேயே குறி. மறுநாள் பள்ளிக்குச் சென்று கேட்டேன். "நல்ல பையனுங்க, அவன் மேல ஒரு முத்திரை விழுந்திடக் கூடாதுன்னுதான்" என்றார். ஆனால் வீட்டுப்பாட டைரியில் அதே கையெழுத்தில், சிவப்பு மையில், "கணக்கைப் பாதியில் விட்டுவிட்டான்", "இடத்தில் உட்காரவில்லை" என வாரம் தவறாமல் எழுதியிருந்தவரும் அவரே. சண்டையிடாமல், அந்தப் பக்கங்களை அவர் முன் விரித்து வைத்தேன். சிறிது நேரம் பேசாமல் புரட்டியவர், புதிய படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார். டைரிப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டேன். மூன்றாம் பயணத்தில் மருத்துவர் படிவத்தைவிட அந்த நகல்களையே நெடுநேரம் படித்தார். டைரியைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கண், காதுப் பரிசோதனைகள் சிக்கலின்றி முடிந்தன. பெற்றோருக்கான பயிற்சியும் மெதில்பெனிடேட் மாத்திரையும் பரிந்துரைக்கப்பட்டன. கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், மாத்திரையை ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பியது என் அடுத்த தவறு. கோத்தகிரியில் நான் கேட்ட கடைகளில் அது இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரர்தான் காரணத்தை விளக்கினார். அது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். மருந்துச் சீட்டு இரண்டு படிகளாக (பிரதிகளாக) இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். என் கையில் இருந்ததோ ஒரே படி. அந்த ஒரு தாளுக்காகத்தான் நான்காம் பயணம்.

இப்போது சீட்டு இரண்டு படிகளாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறையை விட்டு எழுகிறேன். மாத்திரையையும் அங்கேயே வாங்கிவிடுகிறேன். பசி குறையலாம் என்பதால் காலை உணவுக்குப் பிறகே கொடுக்கிறேன். எடையை மாதந்தோறும் டைரியின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். அடுத்த சந்திப்பு ஐப்பசியில் வருகிறது. மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் காலம் என்பதால், அதை ஒரு வாரம் முன்னதாக மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன்.