வேலியை மூடிய சிறுபூனைக்காலி

ஐப்பசி மழை ஓய்ந்ததும் எங்கள் கொல்லை வேலியைச் சிறுபூனைக்காலி முழுவதுமாக மூடிவிட்டது. வேலியோரம் நின்ற மருதாணி, வெயில் படாமல் இலையுதிர்க்கத் தொடங்கிய பிறகுதான் நான் அரிவாளை எடுத்தேன். இக்கொடியின் இலையைக் கசக்கினால் எழும் வாடை கையை விட்டு எளிதில் போகாது. பாஸிஃப்ளோரா ஃபீட்டிடா என்னும் அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லுக்கே நாற்றமடிப்பது என்றுதான் பொருள்.

இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பள்ளி விட்டு வரும் வழியில் பச்சை வலையைப் பிரித்து, உள்ளிருக்கும் மஞ்சள் பழத்தை உறிஞ்சித் தின்ற எங்களிடம் அப்போது யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். காயைத் தொடாதே என்று பாட்டி அதட்டியது சரியே. பழுக்காத காயில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உள்ளன. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எச்சத்தோடு அடுத்த வேலியில் போட்டுவிடுவதால், கொடியை ஓரிடத்தில் பிடுங்கினால் வேறோரிடத்தில் முளைக்கிறது.

அந்த வலைதான் எனக்கு இன்றும் வியப்பு. மொட்டையும் காயையும் சுற்றி நூல் நூலாகப் பிரிந்திருக்கும் பூவடிச் செதில்களின் நுனிகளில் பிசின் சுரக்கிறது. அதில் சிறு பூச்சிகள் ஒட்டிச் சாகின்றன. அவற்றைச் செரிக்கவல்ல நொதிகளும் அச்செதில்களில் இருப்பதாக 1995இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காவலுக்குக் கட்டிய வேலியிலேயே கொஞ்சம் சாப்பாடும் கிடைக்கிறது போலும்.

இத்தனை ஏற்பாடும் ஒரு பூச்சியிடம் செல்லவில்லை. கரும்புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிறச் சிறகுகளுடன், அவசரமே இல்லாமல் தாழப் பறக்கும் டானி கோஸ்டர் வண்ணத்துப்பூச்சியின் முள் நிறைந்த புழுக்கள் இவ்விலைகளைத் தின்றே வளர்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்துவந்த இவ்வினம் தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி 2012இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் காணப்பட்டது. அங்கே அதற்கு முன்பே களையாகப் படர்ந்திருந்த இதே கொடி அதற்கு இரையாயிற்று. அமெரிக்கக் கொடியைத் தின்று நம்மூர்ப் பூச்சி ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கிறது.

நான் வெட்டிய கொடியிலும் அப்புழுக்கள் ஏழெட்டு இருந்தன. மருதாணிப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, அவற்றை எடுத்துக் கிணற்றடிப் பக்கத்துக் கொடியில் விட்டேன். அங்குள்ள பழங்களை மட்டும் கிளிகளுக்கு முன்னால் நானே பறித்துவிடுகிறேன்.