எழுத்துக்கு (திருமணப் பதிவுக்கு) நாள் குறிக்க முன்னம் பார்க்கவேண்டிய கணக்கு

திருகோணமலையில் லண்டன் மாப்பிள்ளையோ பொம்பிளையோ பேசி வந்தால் சாதகம் பார்ப்போம், சீதனக் காணி பேசுவோம், மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவோம். விசாவைப் பற்றி யாராவது கேட்டால் “அது பிறகு பார்ப்பம்” என்று பதில் வரும். பைல் இழுபடுவதும் மறுக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த ஒழுங்கால்தான். அங்கே இருப்பவரின் சம்பளச் சிட்டையைச் சாதகத்தோடு சேர்த்தே கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதற்கேள்வி, கூப்பிடுகிறவர் அங்கே என்ன நிலையில் இருக்கிறார் என்பது. துணை விசாவுக்கு அவர் பிரித்தானியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருப்பதுதான் வழக்கமான வழி. மாணவர் விசாவில் போனவர் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய படிப்பு என்றால், ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, துணையைக் கூப்பிட முடியாது. பராமரிப்பு வேலை விசாவில் 2024 மார்ச் 11க்குப் பிறகு போனவருக்கும் அதே கதை. “லண்டனில் இருக்கிறார்” என்ற ஒரு வசனத்தை நம்பிக் கலியாணம் முடித்தால் இங்கேதான் முதலில் அடிபடும்.

இனிக் காசு. 2024 ஏப்ரல் 11 முதல் கூப்பிடுகிறவரின் ஆண்டு வருமானம், வரி கழிக்க முன்னம், 29,000 பவுண்ஸ் இருக்கவேண்டும். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. ஊரில் பலர் இன்னும் அந்தப் பழைய தொகையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 29,000 என்றால் மாதம் ஏறத்தாழ 2,417. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்திருந்தால் ஆறு மாதச் சம்பளச் சிட்டை, அதே ஆறு மாத வங்கிக் கூற்று, முதலாளியின் கடிதம் ஆகியவை போதும். வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இரண்டு வகையில் காட்டவேண்டும்: இப்போதைய சம்பளமும் அந்தத் தொகையைத் தாண்டவேண்டும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் கைக்கு வந்ததும் தாண்டவேண்டும்.

இந்த இடத்தில் பிழைக்கிற விதங்கள் மூன்று. ஒன்று, கடையிலும் பெற்றோல் ஸ்டேசனிலும் பாதிச் சம்பளம் வங்கியிலும் பாதி கையிலும் வாங்குவது. சிட்டையில் உள்ள நிகரத் தொகை வங்கியில் விழுந்திருக்கவேண்டும். கையில் வாங்கியதைச் சிட்டைத் தொகைக்குச் சரியாக வங்கியில் போடாவிட்டால், கூற்றில் தெரிகிற தொகை மட்டுமே கணக்கில் வரும். இரண்டு, கலியாணத்துக்காக ஒரு மாதம் சம்பளமில்லா விடுமுறையில் ஊருக்கு வருவது. அந்த மெலிந்த மாதம் ஆறு மாதக் கணக்குக்குள் விழுந்து தொகையைக் கீழே இழுத்துவிடும். சம்பளத்தோடு கூடிய விடுமுறையைச் சேர்த்து வைத்து வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதம் கணக்கிலிருந்து வெளியே போகும்வரை பொறுக்கவேண்டும். மூன்று, தேதி. கடைசிச் சிட்டையும் கூற்றும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 28 நாளுக்குள் இருக்கவேண்டும். எல்லாம் சேர்த்து வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த எல்லை கடந்துவிடும்.

தகப்பன், தமையன் சம்பளத்தைக் கூட்டிக் காட்ட முடியாது. பொம்பிளை இங்கே வங்கியில் வேலை பார்த்தாலும் அந்தச் சம்பளமும் சேராது. சேமிப்புச் சேரும், ஆனால் முதல் 16,000 பவுண்ஸைத் தள்ளிவிட்டு மிச்சத்தை 2.5ஆல் பிரிப்பார்கள். வருமானம் 25,000 என்றால் குறை 4,000. அதை நிரப்ப 10,000, அதோடு 16,000, ஆக 26,000 பவுண்ஸ் வேண்டும். வருமானமே இல்லாவிட்டால் 88,500. இந்தக் காசு தம்பதியர் பெயரில் ஆறு மாதம் கிடந்திருக்கவேண்டும். மாமனார் அன்பளிப்பாகக் கொடுத்தது செல்லும், கடனாக வாங்கிப் போட்டது செல்லாது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இருக்கிற காணியின் பெறுமதிக் கடிதத்தை பைலுக்குள் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. விற்றுக் காசாக்கினால்தான் அது சேமிப்பு. கூப்பிடுகிறவர் சுயதொழில்காரர் என்றால் அந்த வருமானத்தோடு சேமிப்பைக் கூட்டவும் முடியாது, கடைசி முழு நிதியாண்டின் வரிக் கணக்கே பேசும்.

செலவு தனி. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்ஸ் ஆகியது; பிறகு மாறியிருக்கலாம், கட்டமுன் பார்க்கவேண்டும். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035; விசா 33 மாதம் என்பதால் மூன்று ஆண்டுக்கு 3,105 எடுப்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டும் சேர 5,043. மண்டபச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற கொப்பியிலேயே இதையும் எழுதி வைப்பது நல்லது.

எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் பெரும் தலையிடி பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். ‘ழ’ உள்ள பெயரை ஓரிடத்தில் இசட்டும் எச்சும் போட்டு எழுதியிருப்பார்கள், இன்னோரிடத்தில் வெறும் எல். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் முதலெழுத்தாகச் சுருங்கி. மொழிபெயர்ப்பைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து அதே எழுத்துக்கூட்டலை எழுதச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். மூலப் பத்திரத்திலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் திருத்த விண்ணப்பிக்கவேண்டும். சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசி சிறு வித்தியாசத்தை விளக்கும், பிழையைத் திருத்தாது. இடப்பெயர்வில் பதிவுகள் அழிந்து, பின்னர் காலங்கடந்த பதிவு செய்தவர்கள் பாடசாலை விடுகைப் பத்திரம் போன்ற பழைய ஆவணங்களையும் கூட வைக்கட்டும். கலியாணம் முடிந்த கையோடு கடவுச்சீட்டைப் புருஷன் பெயருக்கு மாற்ற ஓடவேண்டாம். அவசியமே இல்லாத வேலை, நான்காவது பெயர் ஒன்றைத்தான் உண்டாக்கும்.

எழுத்து முதலில், தாலி ஆறு மாதம் கழித்து என்பது இங்கே சாதாரணம். இடைப்பட்ட காலத்தில் இருவரும் சேர்ந்து இருக்கவில்லை என்பதும் எங்களுக்குச் சாதாரணம். பைலைப் படிக்கிற அதிகாரிக்கு அது தெரியாது. சட்டப்படி திருமண நாள் எழுத்து நாள்தான், படிவத்தில் அதைத்தான் போடவேண்டும். ஆனால் முகப்புக் கடிதத்தில் எங்கள் வழக்கத்தை நாலு வரியில் விளக்கவேண்டும். பத்திரகாளி அம்மன் கோயிலில் எடுத்த நூறு படத்தைவிட அந்த நாலு வரி பெறுமதியானது. படம் பத்துப் போதும். நேரில் சந்தித்திருக்கவேண்டும் என்பது கட்டாய விதி, ஆகவே பயணச் சீட்டும் கடவுச்சீட்டு முத்திரையும் முக்கியம். வட்ஸ்அப் உரையாடலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, அவ்வளவுதான். எவருக்காவது இது இரண்டாம் திருமணம் என்றால், இலங்கை நீதிமன்றம் முதலில் தருகிற தற்காலிகத் தீர்ப்பாணை போதாது. மூன்று மாதத்துக்குப் பின் வருகிற முடிவான தீர்ப்பாணை கைக்கு வந்தபிறகே அடுத்த எழுத்து. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நிக்காஹ் முடிந்தும் பதியாமல் விடுகிற குடும்பங்கள் உண்டு. மார்க்கப்படியும் சட்டப்படியும் திருமணம் செல்லும், ஆனால் காட்டப் பத்திரம் இல்லாமல் விசாவுக்கு நகர முடியாது.

வீட்டு விடயம் சுருக்கமானது: தங்கப்போகிற வீட்டில் ஆள் நெரிசல் இருக்கக்கூடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் இருப்பறையும் அறையாகக் கணக்கு: இரண்டு அறைக்கு 3 பேர், மூன்றுக்கு 5, நாலுக்கு 7.5. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை கணக்கில்லை, பத்து வயதுக்குள் அரை ஆள். அண்ணன் குடும்பத்தோடு இருக்கப்போகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எடுக்கவேண்டும்.

ஆங்கிலத் தேர்வு ஏ1 என்ற தொடக்கத் தரம், பேசுவதும் கேட்பதும் மட்டும். வழக்கமான ஐஈஎல்டிஎஸ் எழுதிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எவ்வளவு உயர்ந்த புள்ளி என்றாலும் இந்த விசாவுக்கு ஏற்கப்படாது. பிரித்தானிய விசாவுக்கென அங்கீகரிக்கப்பட்ட தேர்வு, அதில் ‘லைஃப் ஸ்கில்ஸ்’ எடுப்பதுதான் இலகு. காசநோய்ச் சான்றிதழ் கொழும்பில் எடுக்கவேண்டும், ஆறு மாதம்தான் செல்லும். நெஞ்சுப் படத்தில் சந்தேகம் வந்தாலோ, கர்ப்பிணி படம் எடுக்க விரும்பாமல் சளிப் பரிசோதனைக்குப் போனாலோ, முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். அதனால் ஆங்கிலத் தேர்வை முதலில் முடித்துவிட்டு, காசு ஆவணம் முழுமையாகும் மாதத்தில் காசநோய்ப் பரிசோதனைக்கு இரவு பஸ் ஏறுவது சரியான ஒழுங்கு.

வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி முத்திரைக்காகத் திருகோணமலைக் கொன்சியூலர் அலுவலகத்தில் நிற்பவர்கள், எந்த நாட்டுக்கு என்று முதலில் பார்க்கட்டும். பிரித்தானியத் துணை விசாவுக்கு அது கேட்கப்படுவதில்லை.

கனடா வேறு உலகம். துணையைக் கூப்பிடுவதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றில்லை, கியூபெக் தவிர்ந்த இடங்களில் மூன்று ஆண்டுப் பொறுப்பேற்பு (துணையின் செலவைத் தாங்குவேன் என்ற உறுதி), வந்து இறங்கினாலே நிரந்தர வதிவிடம். ஆனால் இரண்டு பொறி உண்டு. தானே துணையாகக் கூப்பிடப்பட்டுப் போனவர் ஐந்து ஆண்டுக்கு வேறொரு துணையைக் கூப்பிட முடியாது. இரண்டாவது கடுமையானது: இங்கே எழுத்தை முடித்துவிட்டு, அதைச் சொல்லாமல் தனியாள் என்று கனடாவில் குடியேறியவர், பிறகு அந்தத் துணையைக் குடும்ப வகுப்பில் கூப்பிடும் வழியை அநேகமாக அடைத்துவிடுகிறார். “இப்ப சொல்லாதை, போய்ச் சேர்ந்த பிறகு பார்ப்பம்” என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

லண்டனுக்கே திரும்புவோம். துணை விசாவில் முதல் நாளிலிருந்து வேலை செய்யலாம். கையில் அட்டை எதுவும் வராது, எல்லாம் இணையக் கணக்கில். விசா நிலையைக் காட்ட முதலாளிக்குக் கொடுக்கிற பகிர்வுக் குறியீடு 90 நாள் செல்லும். தேசியக் காப்புறுதி இலக்கம் இலவசம், அதற்கு எவருக்கும் காசு கொடுக்கவேண்டாம், அது வருமுன்னமே வேலையைத் தொடங்கலாம். எங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் பன்னிரண்டு மாதம்தான் ஓடும், மாற்றிக் கொடுக்க மாட்டார்கள், பரீட்சை எழுதவேண்டும். பொலிஸ் நற்சான்று இந்த விசாவுக்குத் தேவையில்லை. ஆனால் முதியோர் இல்லத்திலோ பாடசாலையிலோ வேலைக்குப் போக நினைப்பவர்களிடம் முதலாளி கேட்கலாம், ஆகவே ஊரில் இருக்கும்போதே எடுத்து வைப்பது நல்லது. தாதியருக்கு இன்னும் ஒரு படி: பேச்சு, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 என்ற ஐஈஎல்டிஎஸ் புள்ளி வேண்டும். பிறகு கணினித் தேர்வு, கடைசியாகச் செய்முறைத் தேர்வு. செய்முறை மட்டும் அங்கே போய்த்தான். முன்னைய இரண்டையும் விசா பைல் போய்க் கிடக்கிற மாதங்களில் இங்கேயே முடித்துவிடலாம்.