ஆர்கான் ஓட்டியபோதும் வந்த மீத்தேன்

வாயு மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வேலை நேரம் முடிந்ததும், அனுமதி வாங்கிக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் எரிபொருளாக்கும் சோதனையில் உட்கார்ந்துவிடுவேன். பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல், அதில் குமிழிடும் வாயு, எதிர்மின்முனையாக ஒரு செம்புத் தகடு, அவ்வளவுதான். செம்பில் மீத்தேனும் எத்திலீனும் வரும் என்று 1980களிலேயே ஜப்பானின் யோஷியோ ஹோரி காட்டியிருந்தார். வெள்ளீயத்தில் பெரும்பாலும் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு), வெள்ளியில் கார்பன் மோனாக்சைடு. கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, அதனால் வாயு உறிஞ்சும் கூண்டுக்கு வெளியே இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

ஒரு மாலை, வாயுக்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவியின் வரைபடத்தில், மீத்தேன் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக ஒரு முகடு, அதாவது பீக். ஓடிப்போய் மூத்த அக்காவிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, கார்பன் டை ஆக்சைடு இல்லாம ஓட்டிப் பாத்தியா?" என்றார்.

ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக, கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவை விட்டு ஓட்டினேன். அதே இடத்தில் பீக். கரைசலிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கொஞ்சம் கார்பன் வரலாமே என்று பாஸ்பேட் கரைசலுக்கு மாறினேன், அப்போதும் வந்தது; மின்சாரத்தையே நிறுத்திவிட்டு மாதிரி எடுத்தேன், அப்போதும் வந்தது. மூன்று நாள் தேடியதில் காரணம் கிடைத்தது: கருவியின் அளவுத்திருத்தத்துக்கு நான் மீத்தேன் எடுத்த அதே சிரிஞ்சில்தான் மாதிரியும் எடுத்திருந்தேன். உள்ளே ஒட்டியிருந்த மிச்சத்தைத்தான் என் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போகவே மனசில்லை.

புது சிரிஞ்சில் கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்தில் மட்டும் ஒரு சின்ன பீக் நின்றது. அது உண்மை. ஆனால் மின்னோட்டத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனுக்கே போயிருந்தது. ஒரு மீத்தேன் மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான் வேண்டும். 3 வோல்ட்டில், அத்தனை எலக்ட்ரானும் மீத்தேனுக்கே போனதாக வைத்துக்கொண்டாலும் ஒரு மோலுக்குச் சுமார் 2,315 கிலோஜூல் செலவு, எரித்தால் திரும்பக் கிடைப்பது 890. இந்தக் கணக்கைப் போடாமல் 'காற்றிலிருந்து எரிபொருள்' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க இது உண்மையிலேயே ஒரு வழியாகலாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல் வந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சின்ன பீக்கும் தேய்ந்து, ஹைட்ரஜன் ஏறியது. கரைசலில் துளி அளவு இரும்பு இருந்தாலே செம்பின் மேல் படிந்து இப்படிச் செய்துவிடும். வேறொரு செம்புத் துண்டை நனைத்து, இரவு முழுக்கக் குறைந்த மின்னோட்டம் விட்டு, இரும்பு அதில் படிந்ததும் அதை எடுத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் சோதனையைத் தொடங்குகிறேன். போன வாரம் பீக் நான்கு மணி நேரம் நின்றது.