வாத்துக் குஞ்சுகளின் அம்மா எங்கே?

பழைய கார்ட்டூன் ஒன்றைத் திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்றால் முதலில் வெளியே வருவது பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான். கதை என்னவென்று தெரியாது, யார் குரல் கொடுக்கிறார்கள் என்றும் தெரியாது. அந்தப் படத்தை வைத்தே சண்டை ஆரம்பித்துவிடும். 2018 மே மாதம், பழைய 'தண்டர்கேட்ஸ்' கார்ட்டூனின் புதிய பதிப்பான 'தண்டர்கேட்ஸ் ரோர்' அறிவிப்பு வந்தபோது அப்படித்தான் ஆனது. 1985இல் வந்த பழைய தொடரில் நாயகன் லயன்-ஓ விரிந்த தோளும் இறுகிய தசையுமாக வாளை உயர்த்தி நிற்பான். புதிய படத்தில் அதே லயன்-ஓவுக்கு உருண்டை முகம், குட்டிக் கை கால், மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்த வாய். "என் குழந்தைப் பருவத்தையே கெடுத்துவிட்டார்கள்" என்று எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா? தொடர் ஒளிபரப்பானதே 2020இல்தான். அதற்குள் அதன் தலைவிதியை எல்லோரும் எழுதி முடித்திருந்தார்கள்.

இந்தக் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த ஒன்றின்மேல் பாசம் இருக்காதா என்ன? பாசம் இருக்கிற இடத்தில் கோபமும் வரும். ஆனால் அந்தக் கோபம் போய் விழுகிற இடம்தான் பல நேரம் தவறாக இருக்கிறது. ஓவியம் கண்ணில் முதலில் படுகிறது, அதனால் முதல் அடி ஓவியத்துக்கு. அதே 2018இல் 'ஷீ-ரா' புதிய பதிப்பின் படங்கள் வந்தபோதும் இதே கூச்சல். ஷீ-ரா அழகாக இல்லையாம், பெண் மாதிரியே இல்லையாம். கதைப்படி அவள் பதின்வயதுப் பெண், வளர்ந்த ஆண்களின் ரசனைக்காக வரையப்பட்டவள் இல்லை. நவம்பரில் தொடர் வந்தது, ஐந்து சீசன் ஓடி 2020 மே மாதம் முடிந்தது. அடோராவும் (ஷீ-ராவாக மாறுகிறவள் இவள்தான்) கேட்ராவும் தோழிகளாக இருந்து, எதிரிகளாகி, திரும்பி வந்த கதையை எத்தனையோ இளைஞர்கள் இன்றைக்கும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் படத்தை வைத்து நடந்த சண்டை இப்போது யாருக்கு நினைவிருக்கிறது?

தண்டர்கேட்ஸ் ரோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே சீசனோடு நின்றுபோனது. ஓவியம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 'டீன் டைட்டன்ஸ் கோ' என்ற இன்னொரு கார்ட்டூனில் ஒரு எபிசோடு, தண்டர்கேட்ஸ் ரோரைப் பார்த்துப் புலம்புகிற பழைய ரசிகர்களைக் கிண்டல் செய்வதற்கென்றே எடுத்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. "நீ நேசித்தது ஒரு அசட்டுப் பொருள், அதை இன்னும் நேசிக்கிற நீ இன்னும் பெரிய அசடு" என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. ஓவியம் மாறினால் கண் பழகிவிடும், ஆனால் இந்த அவமதிப்பு பழகாது. அதேபோல, ரசிகன் என்ற பெயரில் வரைந்த கலைஞர்களைத் தேடிப்போய்த் திட்டுவதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் மேசையில் கொடுத்ததை வரைகிறவர்கள்.

சரி, குரலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பெரிய சண்டை குரலைப் பற்றித்தான்.

அக்காவும் நானும் 1987இல் தொடங்கிய 'டக்டேல்ஸ்' பைத்தியங்கள். பணக்காரக் கஞ்ச வாத்து ஸ்க்ரூஜும் அவர் குடும்பத்து மூன்று வாத்துக் குஞ்சுகளும் வருகிற, நூறு எபிசோடுகள் கொண்ட தொடர் அது. ஸ்க்ரூஜ் மாமா தங்கக் காசுக் குவியலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து நீந்துகிற காட்சி வந்தால் சாப்பாட்டுத் தட்டை மறந்துவிடுவோம். 2017இல் புதிய டக்டேல்ஸ் வரப்போகிறது என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஸ்க்ரூஜுக்கு யாருடா குரல்?" நியாயமான கேள்வி. 1983இல் வந்த மிக்கியின் கிறிஸ்துமஸ் குறும்படத்திலிருந்து ஸ்க்ரூஜ் என்றால் ஆலன் யங்தான். 2016 மே மாதம், 96 வயதில் அவர் காலமானார். புதிய தொடருக்கு டேவிட் டெனன்ட். ஸ்க்ரூஜ் ஸ்காட்லாந்துக்காரர், டெனன்ட்டும் ஸ்காட்லாந்துக்காரர், அதனால் அக்கா அதை ஒப்புக்கொண்டாள். மருமகன்கள் மூவர் விஷயத்தில்தான் பிடித்துக்கொண்டாள். பழைய தொடரில் ஹூயி, டூயி, லூயி மூவருக்கும் ரஸ்ஸி டெய்லர் என்ற ஒரே பெண்மணிதான் குரல் கொடுத்தார். கூடவே அவர்களோடு சுற்றுகிற சிறுமி வெப்பிக்கும் அவரே. தொப்பியின் நிறத்தை வைத்துத்தான் யார் யார் என்று சொல்ல முடியும்: சிவப்பு, நீலம், பச்சை. புதிய தொடரில் மூவருக்கும் தனித்தனி நடிகர்கள், அதுவும் வளர்ந்த ஆண்களின் குரல்கள்.

"மூணும் ஒண்ணு மாதிரி பேசுறதுதான்டா அழகு. இதுங்க யாரோ காலேஜ் பசங்க மாதிரி இருக்குங்க" என்றாள் அக்கா. பழைய ரசிகர்கள் பலருக்கும் இதே மனக்குறை இருந்தது.

குரல் என்பது சின்ன விஷயம் இல்லை. 'பவர்பஃப் கேர்ள்ஸ்' 2016இல் திரும்ப வந்தபோது மூன்று நாயகிகளின் குரலையும் மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான பபுள்ஸுக்குப் பழைய தொடரில் குரல் கொடுத்த டாரா ஸ்ட்ராங் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். கதையை உருவாக்கிய கிரேக் மெக்ராக்கனும் அதில் இல்லை. மேயரின் அலுவலகத்தை உண்மையில் நடத்திவந்த மிஸ் பெல்லத்தையும் எடுத்துவிட்டார்கள். பழைய தொடரில் அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், உடலை மட்டும் காட்டுவார்கள். அது இந்தக் காலத்துக்கு ஒவ்வாது என்பது சரிதான். அப்படியானால் முகத்தைக் காட்டியிருக்கலாமே! ஊரிலேயே அதிக மூளை உள்ள பெண்ணை வீட்டுக்கு அனுப்பியது என்ன தீர்வு? எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. மூன்று சீசனில் அந்தத் தொடர் முடிந்தது.

இதற்கு நேர் எதிர் 2024இல் வந்த 'எக்ஸ்-மென் 97'. 1992 தொடரில் பேசியவர்களில் பலரையும் தேடிக் கூட்டிவந்தார்கள். ரோக் என்ற நாயகிக்குக் குரல் கொடுக்கும் லெனோர் ஸான் நடுவில் அரசியலுக்குப் போய் கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்துவிட்டு வந்தவர். குரல்களில் வயது தெரிந்தது, ஆனாலும் அந்தத் தொடக்க இசையும் அதே குரல்களும் சேர்ந்ததும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் பழைய ஆட்களைக் கூட்டிவந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. டாமும் ஜெர்ரியும் 1940இலிருந்து 1958 வரை ஹானா, பார்பரா இருவரும் சேர்ந்து 114 குறும்படங்களாக எடுத்தது. 1975இல் டிவிக்காக அதே ஹானா-பார்பரா நிறுவனம் டாம் அண்ட் ஜெர்ரியை மறுபடி எடுத்தது. சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களில் அடிதடி கூடாது என்ற கெடுபிடி இருந்த காலம். அதனால் பூனையும் எலியும் நண்பர்களாகிவிட்டார்கள். ஜெர்ரிக்குக் கழுத்தில் ஒரு சிவப்பு டை. இருவரும் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். துரத்தல் இல்லாத டாமை யார் பார்ப்பது? பெற்றவர்களே எடுத்தும் உயிர் இல்லை.

புதிய டக்டேல்ஸில் எனக்குப் பிடித்த விஷயம், அதை எடுத்தவர்கள் பழைய தொடரின் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்ததுதான். ஓட்டை என்றால் குறை இல்லை, யாரும் கேட்காமல் விட்ட கேள்வி. மூன்று குஞ்சுகளும் மாமா டொனால்டோடு இருப்பார்கள், மாமாவின் மாமா ஸ்க்ரூஜோடு இருப்பார்கள். அம்மா எங்கே? படக்கதைகளில் 1937இலேயே வந்துவிட்ட மருமகன்கள் இவர்கள். இத்தனை காலத்தில் டிவியில் யாரும் அதைப் பெரிதாகக் கேட்டதில்லை. பழைய டக்டேல்ஸில் டொனால்ட் கடற்படைக்குப் போகிறான், பிள்ளைகள் ஸ்க்ரூஜிடம் வருகிறார்கள், அவ்வளவுதான் விளக்கம். புதிய தொடரின் முதல் கதையிலேயே டூயி ஒரு பழைய ஓவியத்தின் முன்னால் நிற்கிறான். ஸ்க்ரூஜும் டொனால்டும் கடற்கொள்ளையரோடு சண்டை போடும் ஓவியம். மடங்கிக் கிடக்கிற பகுதியை அவன் விரிக்கிறான். இன்னொருத்தி இருக்கிறாள். "அம்மா?" என்கிறான்.

அந்த ஒரு சொல்லோடு ஓவியத்தைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. குரலைப் பற்றிய பேச்சும்கூட. மூவரும் தனித்தனி ஆட்களாக இருந்தால்தான் அம்மாவைப் பற்றிய செய்தி மூன்று விதமாக வலிக்கும். ஹூயி கையேட்டைப் பார்த்து வாழ்கிறவன், டூயி எல்லோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்கிறவன், லூயி கஷ்டப்படாமல் பணக்காரனாக நினைக்கிறவன். ஒரே குரலை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. முதல் சீசனின் கடைசிப் பகுதியில் உண்மை வெளிவருகிறது. அவர்களின் அம்மா டெல்லா ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போய்த் தொலைந்துவிட்டாள். அவளைத் தேடுவதற்காக ஸ்க்ரூஜ் தன் செல்வத்தையே கரைத்திருக்கிறார். இது தெரியாமல் பிள்ளைகள் அவரைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். கஞ்சன் என்று நாம் சிரித்த மனிதர் அத்தனை பெரிய மாளிகையில் ஒற்றை ஆளாக நிற்கிறார்.

டெல்லா நிலாவில் இருக்கிற எபிசோடு 2019 மார்ச்சில் வந்தது. அதை அக்காவோடும் அவள் பெண்ணோடும் உட்கார்ந்து பார்த்தேன். பெண்ணுக்கு எட்டு வயது. ராக்கெட் மோதியதில் டெல்லா ஒரு காலை இழக்கிறாள், உடைந்த இயந்திரப் பாகங்களை வைத்துத் தானே ஒரு காலைச் செய்துகொள்கிறாள். மூச்சுக்காற்று தருகிற ஒரு சூயிங்கம்மை மென்றுகொண்டே வருடக்கணக்காக ராக்கெட்டைச் சரிசெய்கிறாள். நடுவில் இன்னும் முட்டையிலிருந்து வெளிவராத தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைப் பாடுகிறாள். மெட்டு தொடங்கியதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டேய், இது நம்ம கேம் மியூசிக்டா. நிலா ஸ்டேஜ்!"

ஆமாம். 1989இல் காப்காம் வெளியிட்ட டக்டேல்ஸ் வீடியோ கேமில் நிலா கட்டத்துக்கு ஹிரோஷிகே டோனோமுரா போட்ட இசை. ஸ்க்ரூஜின் கைத்தடியை வைத்துக் குதித்துக் குதித்து விளையாடும்போது பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெட்டு. நானும் அக்காவும் கண்ட்ரோலருக்கு அடித்துக்கொண்ட காலத்து மெட்டு. அதற்கு வரிகள் எழுதி, நிலாவில் தனித்துக் கிடக்கிற ஒரு தாயின் வாயில் வைத்திருக்கிறார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் அவள் பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த கேமும் தெரியாது, 1989உம் தெரியாது. "அவங்களுக்கு அம்மா உயிரோட இருக்கிறது தெரியாதே மாமா" என்பதுதான் அவள் அழுகை. இரண்டு பேருக்கும் ஒரே நிமிடத்தில் வேறு வேறு காரணத்துக்காகக் கண்ணீர் வந்தது. பழைய ரசிகருக்கென்று ஒரு காட்சி, புதுக் குழந்தைக்கென்று ஒரு காட்சி என்று பிரித்து வைக்கவில்லை அவர்கள். ஒரே காட்சிக்குள் இரண்டையும் வைத்தார்கள். இதற்கு மேல் ஒரு ரீபூட் என்ன செய்ய முடியும்?

அப்புறம் அவளுக்குப் பழைய டக்டேல்ஸைப் போட்டுக் காட்டினேன். ஸ்க்ரூஜ் காசில் நீந்தியபோது கைதட்டினாள். ஆனால் மருமகன்களைப் பார்த்து, "ஏன் மாமா மூணு பேரும் ஒரே மாதிரி பேசுறாங்க?" என்றாள். வெப்பி பொம்மையைக் கட்டிக்கொண்டு அண்ணன்கள் பின்னால் ஓடுவது அவளுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வெப்பி கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி எதிரியைக் கட்டிப்போடுகிறவள். அவள் தரப்பில் 1987தான் அந்நியமான பதிப்பு. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

ரஸ்ஸி டெய்லரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பரில் வந்த புதிய டக்டேல்ஸின் கிறிஸ்துமஸ் எபிசோடில் சிறுவன் டொனால்டுக்கு அவர்தான் குரல். அடுத்த ஜூலையில் அவர் போய்விட்டார். பழைய குரலை மறக்காமல் ஒரு இடம் கொடுத்தார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி வருவது கடைசி எபிசோடு பற்றி. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2021 மார்ச் 15 அன்று தொடர் முடிந்தது. மூன்று சீசனும் ரத்த உறவு இல்லாமலே அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக இருந்த வெப்பி, கடைசியில் ஸ்க்ரூஜின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்டவள் என்று தெரிகிறது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், எங்கள் வீடும்தான். அக்கா கொதித்தாள். "ரத்தம் இல்லாட்டியும் நீ எங்க பொண்ணுதான்னு மூணு வருஷம் சொல்லிட்டு, கடைசியில ரத்தம்தான்னு முடிச்சா என்னடா அர்த்தம்?" அவள் பெண் விடவில்லை. "அவளுக்கு அப்பா கிடைச்சுட்டார்ல? அது சந்தோஷம்தானே?" அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. விடுமுறைக்கு வந்தால் இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் இதில் அக்கா கட்சி. வெப்பி அந்த வீட்டில் தன் இடத்தை ஒவ்வொரு எபிசோடிலும் உழைத்துச் சம்பாதித்தவள். அவளுக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை.