மலையில்லாத ஊரிலிருந்து டவுன்ஹில்

பாம்பனில் பிறந்த பெண் டவுன்ஹில் சைக்கிள், அதாவது மலையிலிருந்து வேகமாக இறங்கும் சைக்கிள், ஓட்டுகிறாள் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அங்க ஏதுங்க மலை?"

கேட்பது நியாயம்தான். தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை கடற்கரையோரமாக நடந்தே வந்தாலும் ஒரு குன்றும் தட்டுப்படாது. எங்கள் தீவிலேயே உயரமான இடம் ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம். அதுவும் மணல் மேடு. எனக்குக் கிடைத்த முதல் இறக்கம் பாம்பன் சாலைப் பாலம். அடியில் படகுகள் போக வேண்டும் என்று நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் சைக்கிளை மூச்சு வாங்க மிதித்து உச்சிக்குக் கொண்டுபோய், மண்டபம் பக்கமாக விட்டுவிடுவேன். ஆடி மாதத்துக் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். ஹாண்டில்பாரை இறுக்கினால் சைக்கிள் இன்னும் அலையும். பிடியைத் தளர்த்தி, காற்று வரும் பக்கமாக உடம்பைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் நேராகிவிடும். பின்னாளில் பாறை இறக்கத்தில் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான்: சைக்கிள் கீழே ஆடட்டும், நீ ஆடாதே.

அப்பா வல்லம் வைத்திருந்தார். கரையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நான். அந்தக் கைப்பழக்கம்தான் பெங்களூரில் ஒரு சைக்கிள் கடையின் சர்வீஸ் மேஜை முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. டவுன்ஹில் சைக்கிளை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அங்கேதான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் அமுங்கும். மோட்டார் பைக்கில் இருப்பதுபோல மேலும் கீழும் இரண்டு கிளாம்ப். எடை பதினாறு, பதினேழு கிலோ வரும். ஏற்றத்துக்கு அது ஆகாது. வண்டியில் மேலே ஏற்றிக்கொண்டு போய் இறங்குவதற்கென்றே செய்தது. ஃபோர்க்கைக் கழற்றி எண்ணெய் மாற்றி, சீல் மாற்றி, திரும்பப் பூட்டியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? கடைக்கார அண்ணன் அதற்கு என்னையே அனுப்பினார். அவலஹள்ளிக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓட்டிப் பழகினேன். அப்புறம் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய சைக்கிளைத் தவணையில் வாங்கிக்கொண்டேன். புதிது என்றால் லட்சக்கணக்கில் ஆகும்.

முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், தாடை வரை மூடும் ஹெல்மெட் எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி வைத்திருந்தேன். பெரியம்மா, "சண்டைக்கா போற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் அதிசயமில்லை. சின்னப்பாலத்துப் பெண்களோடு தீவுகளுக்குப் போய்க் கடலில் முங்கிப் பாசி எடுப்பவள் அவள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுற்று, காலில் தகடு வைத்த செருப்பு, இடுப்பில் பாசிப் பை. உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு வேலை செய்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏத்தா, எறங்கும்போது மூச்ச அடக்குறியா, விடுறியா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"முங்குறப்ப அடக்கணும், அது வேற. நீ என்ன தண்ணிக்குள்ளயா போற? மேல இருக்கறவ எதுக்கு அடக்கணும்? கை மரத்துப் போகும். விட்ரு."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கவனித்துக்கொண்டே இறங்கினேன். கரடுமுரடான இடம் வந்ததும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. மூச்சு நின்றதும் தோள் மேலே ஏறுகிறது, பிடி இறுகுகிறது, முன்னங்கை கல்லாகிறது. கடைசியில் பிரேக்கில் இருக்கும் விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டவுன்ஹில் ஓட்டுகிறவர்கள் 'ஆர்ம் பம்ப்' என்று பயப்படுவது இதற்குத்தான். ஒரு இறக்கம் மொத்தமே மூன்று, நான்கு நிமிடம். கை போய்விட்டால் கடைசி நிமிடத்தில் எல்லாம் போய்விடும். இப்போது ஒவ்வொரு டிராப்புக்கு, அதாவது விளிம்பிலிருந்து கீழே குதிக்கும் இடத்துக்கு, முன்னாலும் சத்தம் வர மூச்சை ஊதிவிட்டுத்தான் விளிம்பைத் தாண்டுகிறேன். எத்தனையோ வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆனால் திண்ணையில் அம்மா சொன்ன இந்த ஒன்றுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

அந்த முதல் பந்தயம் கர்நாடகத்து மலை ஒன்றில் நடந்தது. பெண்கள் குறைவாகத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அன்று காலையில் பெண்கள் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆண்களோடு ஓட்டினேன், நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் கோபம் உண்டு, இன்னும் ஆறவில்லை. ஆள் வந்தால் பிரிவு வைக்கிறோம் என்கிறார்கள். பிரிவு இருந்தால்தானே ஆள் வரும்!

இதை நான் வெறும் ஆத்திரத்தில் சொல்லவில்லை. இந்த விளையாட்டின் கதையைப் பார்த்தாலே தெரியும். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் மலைச் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோதே பெண்கள் டவுன்ஹில் இருந்தது. கனடாவின் சிண்டி டிவைன் ஜெயித்தார். முதலிலேயே இடம் இருந்ததால் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். பிரான்சின் ஆன்-கரோலின் ஷோசோன் டவுன்ஹில்லில் மட்டும் 9 முறை உலகப் பட்டம் வென்றார், பிறகு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் என்ற சின்னச் சைக்கிள் பந்தயத்தில் தங்கமும் எடுத்தார். பிரிட்டனின் ரேச்சல் ஆதர்டன் 2016இல் உலகக் கோப்பையின் ஏழு சுற்றையும் ஜெயித்து, அந்த வருட உலகப் பட்டத்தையும் சேர்த்தே வாங்கினார். 2019இல் அவருடைய குதிகால் தசைநார் அறுந்துபோனது. அப்புறம் குழந்தை பிறந்தது. எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்திருந்தபோது 2023இல் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் திரும்பி வந்து உலகக் கோப்பைச் சுற்றை ஜெயித்தார். அந்த ஓட்டத்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஃப்ரீரைடு வேறு மாதிரி. அங்கே கடிகாரம் கிடையாது, போட்டுவைத்த பாதையும் கிடையாது. செங்குத்தான மலைமுகட்டில் தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்து, தேவையான இடத்தில் மண்ணை வெட்டிச் சீராக்கி, குதித்து இறங்க வேண்டும். எவ்வளவு கடினமான வழி, எவ்வளவு உயரம், எவ்வளவு லாவகம் என்று நடுவர்கள் பார்ப்பார்கள். இதில் பெரிய மேடை அமெரிக்காவின் யூட்டாவில் நடக்கும் ரெட் புல் ராம்பேஜ். 2001இல் தொடங்கியது. பெண்களுக்குப் போட்டி வைத்தது 2024இல்!

அந்த இடைவெளி எப்படி அடைபட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். 2019இல் கேட்டி ஹோல்டன் என்ற ஃப்ரீரைடர் முன்னின்று, அதே யூட்டா மலையில் 'ஃபார்மேஷன்' என்று பெண்களுக்காக ஒன்றைத் தொடங்கினார். அது போட்டி இல்லை. மதிப்பெண் இல்லை, பரிசு வரிசை இல்லை. பெண்கள் கூடி மண் வெட்டினார்கள், வழி பார்த்தார்கள், ஒருவர் குதிப்பதை இன்னொருவர் நின்று பார்த்தார்கள். பழக ஒரு இடமும் கூட நிற்க ஆளும் கிடைத்ததும் என்ன நடந்தது என்று 2024 அக்டோபரில் உலகமே பார்த்தது. பெண்களுக்கான முதல் ராம்பேஜில் சைக்கிளோடு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் (பேக்ஃபிளிப்) அடித்து ஜெயித்தவர் நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ்.

அவர் வளர்ந்த இடம் சாத்தம் தீவுகள். நியூசிலாந்தின் பெரிய தீவுகளிலிருந்து கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கிடக்கிறது, மீன்பிடிப்புதான் முக்கியத் தொழில். இதைப் படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "தீவுக்காரியா?" என்று கேட்டுவிட்டு, அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னாள்.

இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். உச்சிப்புளிப் பக்கம் சின்னதாக ஒரு சைக்கிள் சர்வீஸ் கடை. மலைக்கு எங்கே போக? ராமநாதபுரத்தில் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. கண்மாய் இருந்தால் கரை உண்டு. மாசிக்கு மேல் தண்ணீர் வற்றியதும் உள்வாய் காய்ந்து கிடக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். கரையில் ஒரு மண்வெட்டி கூடப் போடுவதில்லை, அது விவசாயத்துக்கான கரை. பழைய வல்லத்துப் பலகையைக் கரை விளிம்பில் நீட்டி வைத்து, கீழே சாக்கில் மணல் நிரப்பி அடுக்கிச் சரிவாக்கி, அதுதான் எங்கள் டிராப்பும் லேண்டிங்கும். சாயங்காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், பெரும்பாலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறவர்கள்.

எங்கள் முதல் எதிரி சீமைக்கருவேல முள். டியூப் போட்ட டயர் கரையைத் தாண்டாது. டியூப்லெஸ் ஆக்கி, உள்ளே பால் மாதிரி லேடெக்ஸ் திரவம் ஊற்றி வைத்திருக்கிறேன். முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். உஸ் என்று வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வரும், நாலைந்து சுற்றில் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு இதைச் செய்வதில் அவ்வளவு ஆசை, முள் ஏறினால் யார் பிடுங்குவது என்று சண்டையே வரும். இரண்டாவது, உப்புக்காற்று. சங்கிலி ராத்திரியோடு ராத்திரியாகத் துருவேறிவிடும். குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் சைக்கிளைக் கழுவ முடியாது. பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோம்.

ஒரு பிள்ளை பலகை நுனி வரை வருவாள், நின்றுவிடுவாள். வாரக்கணக்கில் இப்படித்தான். யாரும் அவளை விரட்டவில்லை. மற்றவர்கள் குதிப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவளாகவே கேட்டாள்: "அக்கா, கண்ண எங்க வைக்கணும்?"

"சாக்குல வைக்காத. அதுக்கு அங்கிட்டு அந்தப் பனை நிக்குதுல்ல, அங்க வை. மூச்ச விட்ரு."

ஊதினாள், போனாள். பின் சக்கரம் முதலில் தொட்டு முன் சக்கரம் அடுத்துத் தொட்டது. கரையில் இருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஆட்டுக்கிடை கலைந்து, கீதாரி தாத்தா எங்களை ஒரு பிடி பிடித்துவிட்டார்.

2023 அக்டோபரில் கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். ஓட்டுவதற்கு முன் அந்தப் பெண்கள் பாதையை நடந்தே பார்த்தார்கள். ஒரு பாறை முன்னால் நின்று, எங்கே சக்கரத்தை வைப்பது என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் போட்டுப் பேசிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் நடக்கவைக்கிறேன். அடுத்த கோடை விடுமுறையில் இவர்களை ஒரு நிஜ மலைக்குக் கூட்டிப் போக வேண்டும். வேனுக்கும் தங்குவதற்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது வர ஆசைப்பட்டால் பங்குனியிலிருந்து மழை தொடங்கும்வரை சனி, ஞாயிறு வெயில் தாழ்ந்ததும் நாங்கள் கரையில் இருப்போம். அம்மாவையோ அத்தையையோ கூடவே கூட்டி வாருங்கள். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் என்னிடம் உண்டு. காலுக்கு ஷூ போட்டு வரவும். ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். வீட்டில் எந்தச் சைக்கிள் கிடக்கிறதோ அதையே கொண்டுவரலாம், பிரேக்கை நான் பார்த்துச் சரி செய்து தந்த பிறகு ஏறினால் போதும்.